பீரங்கி வெடித்த நேரம்

1

செல்போன் அலறியபோது சின்னவனின் வலது கை முழங்கை வரைக்கும் மாட்டின் வயிற்றுக்குள் இருந்தது.

காலை ஆறு மணி ஐந்து நிமிடம்.

"அக்கா... போன்!"

"அடிக்கட்டும் விடு. கன்னோட கால் கிடைச்சுதா?"

"ஒண்ணு கிடைச்சுது. இன்னொண்ணு மடங்கிக் கிடக்கு."

"பதறாத. மெதுவா நிமிர்த்து. கொடியில காயற சட்டை இல்லடா அது, இழுத்ததும் வர்றதுக்கு."

போன் ஓய்ந்தது. ஒரு மூச்சு விட்டது. மறுபடி அலறியது...

அக்கா எரிச்சலோடு வைக்கோல் மேல் கிடந்த போனை எடுத்து அவன் காதில் வைத்துப் பிடித்தாள்.

"யாரு?"

"தம்பி... நான் மருந்துக்கடைக்காரன் பேசறேன்."

சின்னவனின் தாடை இறுகியது.

மருந்துக்கடைக்காரர்! வாரம் ஆறு நாள் டவுனில் மனுஷர்களுக்கு மாத்திரை கொடுப்பார். ஏழாவது நாள் மிருகங்களுக்குக் குண்டு கொடுப்பார். அவரும் அவர் கூட்டாளி கான்ட்ராக்டரும் மூன்று வருஷமாக இந்தத் தோட்டத்துக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து, காட்டுப்பன்றியும் முயலும் சுட்டுக்கொண்டு போகிறவர்கள். வேலியை வெட்டுவார்கள். கேட்டைத் திறப்பார்கள். திறந்த கேட்டைச் சாத்தின சரித்திரமே கிடையாது.

"என்ன நெஞ்சழுத்தம்யா உனக்கு! எனக்கே போன் பண்றியா?"

"திட்டுங்க தம்பி. ஆனா இதைக் கேட்டுட்டுத் திட்டுங்க." குரல் நடுங்கியது. "போன வருஷம் உங்க அப்பாவைச் சுட்டது யாருன்னு எனக்குத் தெரியும்."

மாட்டின் வயிற்றுக்குள் அவன் விரல்கள் அசைவதை நிறுத்தின.

"என்ன... சொன்ன?"

"போன்ல வேண்டாம். உங்க பம்ப் ரூம் பக்கத்துலதான் நிக்கறேன். ஆறரைக்கு வாங்க. நான் தூங்கி ஒரு வருஷம் ஆச்சு தம்பி... இன்னிக்குச் சொல்லித் தொலைச்சிடறேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

"யாருடா? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

சொன்னான்.

அக்காவின் முகம் வெளிறியது. ஆனால் மாட்டின் வாலைப் பிடித்திருந்த கை மட்டும் தளரவில்லை.

"நான் போறேன்க்கா! இப்பவே..."

"இப்ப கையை எடுத்தேன்னா கன்னும் போச்சு, தாயும் போச்சு. ஆறரைக்குத்தானே வரச் சொன்னான்? ஒரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தவன், இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் மூடிக்கிட்டு இருக்க மாட்டானா?"

மூடிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரேயடியாக!

2

கன்று ஆறு இருபத்தெட்டுக்குத் தரையில் விழுந்தது. பெண் கன்று. உயிரோடு.

சின்னவன் அதை நக்கத் தாயிடம் தள்ளிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினான். அப்பாவின் துப்பாக்கி தீவன அறைக் கதவோரம் சாய்ந்திருந்தது. அதையும் எடுத்துக்கொண்டான். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி. வேட்டைக்காரனைப் பார்க்க வெறுங்கையோடு போக அவனுக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது?

அன்று அவன் செய்த முதல் முட்டாள்தனம் அதுதான்.

மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. நடுவில் ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் பம்ப் ரூம்.

"யோவ்! எங்கய்யா இருக்க?"



பம்ப் ரூமைச் சுற்றிக்கொண்டு போனான்.

நின்றான்.

வாய்க்காலில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது...

மருந்துக்கடைக்காரர் குப்புறக் கிடந்தார். ஒரு கை தண்ணீருக்குள். இன்னொரு கையில் செல்போன். முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, ஒரே ஒரு ஓட்டை.

சின்னவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவரைப் புரட்டினான். சட்டையைப் பிடித்து உலுக்கினான். தன் கையெல்லாம் ரத்தமாவது அவனுக்கு உறைக்கவே இல்லை.

"செத்துத் தொலையாதய்யா! யாருன்னு சொல்லிட்டுச் சாவுய்யா!"

உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன. வாயும் திறந்திருந்தது. சொல்ல வேண்டிய பெயர் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

சின்னவனுக்கு அழுகை வந்தது. இந்த ஆளுக்காக இல்லை. அப்பாவுக்காக.

போன வருஷம் இதே சோளத்துக்குள் அப்பா கிடந்தார். மார்பில் குண்டு. காலையில் தண்ணீர் பாய்ச்சப் போனவர் சாப்பாட்டு நேரமாகியும் திரும்பவில்லை என்று தேடிப் போனபோதுதான் தெரிந்தது. வெடிச் சத்தத்தை வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. 'யாரோ, எங்கிருந்தோ சுட்ட குண்டு' என்று எழுதிப் போலீஸ் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டது. அன்றிலிருந்து அக்கா வேறு ஆளாகிப் போனாள். பால் கறக்கும்போதும் களை எடுக்கும்போதும் அவள் உதடு ஓயாமல் எதையோ முணுமுணுக்கும். மனசுக்குள் சாமி கும்பிடுகிறாள் என்று சின்னவன் நினைத்துக்கொண்டான்.

திரும்பி ஓடினான். மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று மூச்சிரைத்தான்.

"அக்கா... அவன்... செத்துக் கிடக்கான்க்கா! யாரோ முதுகுல சுட்டிருக்காங்க!"

அக்கா கன்றின் தொப்புளுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அலறவில்லை. மருந்துப் பாட்டிலை மூடி வைத்தாள்.

"கேட்டு திறந்திருக்கா?"

"என்னக்கா கேக்கற? ஆளு செத்துக் கிடக்கான்ங்கறேன்!"

"திறந்திருக்கான்னு கேட்டேன்."

"திறந்துதான் கிடக்கு. அவனுங்க என்னிக்குச் சாத்தினானுங்க?"

"சரி. நீ போலீஸுக்கு போன் போடு. கையைக் கழுவாத. கழுவினா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க. நான் போய்க் கேட்டைச் சாத்திட்டு வர்றேன்."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். திரும்பி வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. சின்னவன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

3

ஏழே முக்காலுக்குப் போலீஸ் ஜீப் வந்தது.

பின்னால் இன்னொரு ஜீப்பும் வந்தது. அதிலிருந்து குதித்தவன்... கான்ட்ராக்டர்!

"சார், இவன்தான் சார்! நான் அப்பவே ஸ்டேஷன்ல சொன்னேன்ல? கையைப் பாருங்க சார், ரத்தத்தை!"

ஆறடி உயரம். வேட்டைக்காரச் சட்டையில் ஏழு பாக்கெட். கண்ணில் மட்டும் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"டேய்!" சின்னவன் பாய்ந்தான். ஏட்டு அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"பாயாதப்பா. ஏற்கனவே ஒரு பிணம் இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

பிணத்தைப் பார்த்தார். அளந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கீழே கிடந்த துப்பாக்கியைக் கைக்குட்டையால் தூக்கி, அடைத்த மூக்கோடு குழாயை முகர்ந்து பார்த்துவிட்டு ஏட்டிடம் நீட்டினார்.

"எனக்கு வாசனை தெரியாது. நீங்க பாருங்க."

ஏட்டு முகர்ந்தார். "சுட்ட துப்பாக்கிதான் சார். புதுசா சுட்டது."



தீவன அறையில் விசாரணை. சுவரோரம் புண்ணாக்கு மூட்டைகள். எடைக்கல் கிடந்த மேஜையை இன்ஸ்பெக்டர் தன் ஆபீஸாக்கிக்கொண்டார். மேஜையின் அந்தப் பக்கம் சின்னவன். ஜன்னல் ஓரம் கான்ட்ராக்டர். அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"சொல்லுப்பா. எப்ப சுட்ட?"

"நான் சுடலை சார்! விடியற நேரத்துல பன்னிக் கூட்டம் சோளத்துக்குள்ள இறங்கிச்சு. வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டேன். அஞ்சரை மணி இருக்கும்."

"பன்னி சாட்சி சொல்லுமா?"

"சார்..."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டவுன் கடைவீதியில, இருபது பேர் பார்க்க, இவங்க ரெண்டு பேர் முன்னாடி நீ என்னமோ வசனம் பேசினியாமே?"

சின்னவன் தலை குனிந்தான். கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்தான்.

"'இன்னொரு தடவை என் வேலியைத் தாண்டினா, திரும்பிப் போறது நாலு பேர் தோள்லதான்'னு சொன்னான் சார்! என் காதால கேட்டேன்!"

"செத்தவரோட போன்லேர்ந்து கடைசியா போன அழைப்பு உன் நம்பருக்கு. ஆறு அஞ்சுக்கு. எங்க நிக்கறார்னு உன்கிட்ட சொல்லியிருக்கார். நீ துப்பாக்கியோட போயிருக்க. அவர் ரத்தம் உன் கையில. இதுக்கு மேல நான் என்னப்பா கண்டுபிடிக்கணும்? எனக்குக் கொடுக்கற சம்பளத்துக்கு இதுவே ஜாஸ்தி."

"ஆறு அஞ்சுலேர்ந்து ஆறரை வரைக்கும் நான் மாட்டுக்கொட்டகையிலதான் சார் இருந்தேன்! மாடு கன்னு போட்டுது. அக்கா பக்கத்துலதான் இருந்தா!"

"அக்கா சாட்சி... கோர்ட்டுல எடுபடாது. வேற யார் இருந்தா?"

"மாடு..."

"மாட்டைக் கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்கச் சொல்றியா?"

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சின்னவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். போன வருஷம் அப்பா போனார். இந்த வருஷம் அவன் ஜெயிலுக்குப் போகப் போகிறான். அக்கா தனியாக இந்த நாற்பது ஏக்கரில், அப்பாவைக் கொன்றவன் யாரென்றே தெரியாமல்...

இன்ஸ்பெக்டர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

"நீங்க அந்த நேரத்துல எங்க இருந்தீங்க?"

"மெயின் ரோட்டுல சார். இங்கேர்ந்து ஒன்றரை மைல். 'ஒரு விஷயம் பேசணும், என்னை இறக்கி விடு'ன்னான். இறக்கி விட்டுட்டு ஜீப்புலயே காத்திருந்தேன். ஆறு மணிக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டு, பாட்டைப் போட்டுட்டுத் தூங்கிட்டேன் சார். ஏழு மணிக்கு முழிச்சா ஆளைக் காணோம். போன் பண்ணினா எடுக்கலை. இவன் மிரட்டினது ஞாபகம் வந்துது. நேரா ஸ்டேஷனுக்கு வந்துட்டேன்."

"வெடிச் சத்தம் ஏதாவது கேட்டீங்களா?"

"ஒண்ணுமே கேக்கலை சார். தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம்."

ஏட்டு எழுதிக்கொண்டார்.

"நீ கேட்டியாப்பா?" இன்ஸ்பெக்டர் சின்னவனைக் கேட்டார். "பம்ப் ரூம் பக்கம் சுட்டா கொட்டகைக்குக் கேக்குமே?"

"தனியா தெரியாது சார். பீரங்கிச் சத்தத்தோட சேர்ந்து போயிருக்கும்."

"பீரங்கியா? எந்த நாட்டோட சண்டை?"

சின்னவன் விளக்கினான். பன்றிகளை விரட்ட அப்பா வாங்கி வைத்த இயந்திரம் அது. ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு நீண்ட இரும்புக் குழாய், நேரம் வைக்கிற ஒரு பெட்டி. குண்டு கிடையாது, சத்தம் மட்டும்தான். பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகலாக, இரண்டு வெடி. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மூன்று வினாடி.

"இன்னிக்குக் காலைல வெடிச்சுதா?"

"வெடிச்சிருக்கும் சார்."

"வெடிச்சிருக்குமா... வெடிச்சுதா?"

"வெடிச்சுது சார். தினமும் வெடிக்கறதுதானே!"

"இல்லை."

அக்கா.

அன்று காலை போலீஸ் வந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

4

எல்லோரும் கதவைப் பார்த்தார்கள்.

"என்னம்மா சொன்னீங்க?"

"பீரங்கி வெடிக்கலை சார். நேத்து சாயங்காலமே நான் சிலிண்டர் வால்வை மூடிட்டேன். தலைச்சன் கன்னு போடற மாடு. சத்தத்துல மிரளும். தம்பிகிட்ட சொல்ல மறந்துட்டேன்."

சின்னவன் சட்டென்று திரும்பினான்.

அக்கா! நீயா...?

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை முதல் முறையாக மூக்கிலிருந்து எடுத்தார்.

"அதானே! நான் வந்து ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னா இதுக்குள்ள மூணு தடவையாவது கேட்டிருக்கணுமே! ஒரு தும்மல் சத்தம் கூட இல்லை, என்னோடதைத் தவிர." சின்னவன் பக்கம் குனிந்தார். "வெடிச்சுதுன்னு சொன்னியே ராஜா?"

சின்னவன் யோசித்தான். காலையில் கேட்டதா? கேட்டது போலத்தான் இருந்தது. ஆனால் எப்போது? கையை மாட்டுக்குள் விட்டிருந்தபோதா? ஓடியபோதா? பதின்மூன்று வருஷமாகக் கேட்கிற சத்தம். கேட்கிறது என்று நினைப்பதற்கும் கேட்பதற்கும் வித்தியாசமே தெரியாமல் போயிருந்தது.

"எனக்கு... தெரியலை சார். வெடிச்ச மாதிரிதான்... அக்கா மூடினேன்னு சொன்னா மூடித்தான் இருக்கும். நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"எழுதிக்குங்க ஏட்டு. வாக்குமூலம் மாறுது."

கான்ட்ராக்டர் தன் ஏழு பாக்கெட்டில் எதிலோ கையை விட்டு எதையோ தேடினான். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அக்கா நிதானமாகத் தொடர்ந்தாள்.

"அதனாலதான் சார் எனக்கு அந்தச் சத்தம் தெளிவா கேட்டுது."

"எந்தச் சத்தம்?"

"ஒரே ஒரு வெடி. பீரங்கியைத்தான் மூடிட்டோமே, இது என்னன்னு கொட்டகை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். தம்பி குனிஞ்சு கன்னை இழுத்துக்கிட்டு இருந்தான், அவன் பார்க்கலை. பம்ப் ரூம்லேர்ந்து ஒரு ஆள் வேலிப்பக்கம் ஓடினான். கையில துப்பாக்கி."

ஏட்டின் பேனா வேகமாக ஓடியது.

"இதை ஏம்மா இவ்வளவு நேரம் சொல்லலை?"

"ஆளு யாருன்னு நிச்சயம் பண்ணிக்க வேண்டாமா சார்? முகம் தெரியலை. முதுகுதான் தெரிஞ்சுது." அவள் பார்வை மெல்ல நகர்ந்து ஜன்னல் ஓரத்தில் நின்றது. "ஐயா கொஞ்சம் திரும்பி நின்னார்னா சொல்லிடுவேன்."

கான்ட்ராக்டர் திரும்பவில்லை. சிவந்தான்.

"பொ... பொய் சார்! தம்பியைக் காப்பாத்தறதுக்குக் கதை விடறா!"

"எது பொய்?" அக்கா கேட்டாள். "ஒரு வெடி கேட்டுதுங்கறது பொய்யா?"

"தனியா ஒரு வெடி எப்படிக் கேக்கும்? கேக்கவே கேக்காது! நீ எட்டிப் பார்த்திருக்கவே முடியாது!"

"ஏன் முடியாது? பீரங்கி மூடியிருந்துதே!"

"மூடலை! எவ சொன்னா மூடியிருந்துதுன்னு? ஆறு இருபதுக்கு வெடிச்சுது! ரெண்டு தடவை! பம்ப் ரூம் சுவரே அதிர்ந்துது! நான் வாட்சைப் பார்த்துக்கிட்டு..."

நிறுத்தினான்.

ரொம்ப லேட்!

இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார்.

"ஏட்டு... ஐயா என்ன சொல்லியிருக்கார்னு கொஞ்சம் படிங்க."

ஏட்டு படித்தார். "ஆறு மணிக்குத் தூங்கினேன். ஏழு மணிக்கு முழிச்சேன். மெயின் ரோடு. ஒன்றரை மைல். கண்ணாடி ஏத்தியிருந்துது. பாட்டு ஓடிச்சு. ஒண்ணுமே கேக்கலை."

"ஒன்றரை மைலுக்கு அப்பால தூங்கின ஆளுக்குப் பம்ப் ரூம் சுவர் அதிர்ந்தது எப்படித் தெரிஞ்சுது? கனவா?"

கான்ட்ராக்டர் ஜன்னலைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

புண்ணாக்கு மூட்டையை ஏட்டின் மேல் தள்ளினான். ஓடினான்!

"பிடிங்க!"

ஆறடி உயரம், நீளக் கால்கள். அக்காவை இடித்துத் தள்ளிவிட்டுக் களத்தைத் தாண்டினான். தன் ஜீப் இருக்கிற பக்கம் போகவில்லை. அங்கே டிரைவர் கான்ஸ்டபிள் நின்றார். வளைவில் திரும்பினான். வளைவைத் தாண்டினால் காட்டுப்பக்கக் கேட். கேட்டைத் தாண்டினால் காடு. மூன்று வருஷமாக ஓடி வந்து, ஓடிப் போய்ப் பழகின பாதை. கண்ணை மூடிக்கொண்டு போவான்.

கண்ணை மூடிக்கொண்டுதான் போனான் போலிருக்கிறது.

மடேர்!

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அவன் திரும்பிப் போகும்போது அந்தக் கேட் சாத்தியிருந்தது.

5

பல் இரண்டு போயிருந்தது. கையில் விலங்கு. கான்ட்ராக்டர் களத்தில் உட்கார்ந்து ரத்தம் துப்பினான்.

அவன் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில், சாக்கில் சுற்றி, ரைஃபிள் இருந்தது. ஏட்டு முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

"ஏன்யா கொன்ன?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சொல்லிடறேன்னு நின்னான் சார். வா, ரெண்டு பேரும் சேர்ந்து போய் ஒத்துக்கலாம்னான். எவ்வளவோ கெஞ்சினேன். கேக்கலை. நான் நிக்கறப்பவே இவனுக்கு போன் போட்டான். கால் மணி நேரம் அவன் காலைப் பிடிக்காத குறைதான்..."

"இவங்க அப்பாவை?"

கான்ட்ராக்டர் மறுபடி ரத்தம் துப்பினான்.

"கிழவர் ரெண்டு கையையும் விரிச்சு வழியை மறிச்சார். துப்பாக்கியைக் கொடுத்துட்டு ஸ்டேஷனுக்கு நடன்னார். அப்ப... பீரங்கி முதல் வெடி வெடிச்சுது. வேட்டையில எங்களுக்கு அதுதான் வழக்கம் சார். முதல் வெடிக்குக் குறி, ரெண்டாவது வெடிக்கு விசை. வீட்டுல யாருக்கும் கேக்காது. கை பழகிப்போச்சு..."

சின்னவன் அவன் மேல் பாயவில்லை. பாயத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தான். கேட் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். அக்காவைத் தேடினான். காணோம்.

சோளத்துக்குள் இருந்த ஒற்றையடிப் பாதை வழியாக அவள் நடந்து வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே.

"வாங்கம்மா. உங்க வாக்குமூலம்தான் கேஸுக்கே முதுகெலும்பு. நேத்து சாயங்காலம் எத்தனை மணிக்கு வால்வை மூ..."

டமால்!

இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பி உருண்டது.

ஒன்று... இரண்டு... மூன்று...

டமால்!

மக்காச்சோளத்திலிருந்து காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. கொட்டகையில் மாடு காதைக்கூட அசைக்காமல் கன்றை நக்கிக்கொண்டிருந்தது. சத்தத்தில் மிரளாத மாடு!

சின்னவன் அக்காவையே பார்த்தான்.

"அக்கா... வால்வை நேத்து மூடலியா நீ?"

"இன்னிக்குத்தான்டா மூடினேன். ஏழு மணிக்கு முன்னாடி, கேட்டைச் சாத்தப் போனேன்ல, அப்ப. இப்பதான் திறந்து விட்டேன்."

"அப்ப ஜன்னல் வழியா பார்த்தது?"

"வாலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவ எப்படிடா ஜன்னலைப் பார்ப்பேன்?"

"அப்ப காலைல பீரங்கி..."

"வெடிச்சுது. ஆறு மணிக்கு, ஆறு இருபதுக்கு, ஆறு நாப்பதுக்கு. எல்லாம் வெடிச்சுது." அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "அப்பா போன அன்னிக்கும் வெடிச்சுது. நான் பால் கறந்துக்கிட்டு இருந்தேன். தலையைக்கூடத் தூக்கலைடா. அந்தச் சத்தத்துக்குள்ளதான் அப்பாவைச் சுட்டிருக்கான். ஒரு வருஷமா ஒரு வெடி விடாம எண்ணிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு ஆறு இருபதுக்கு ரெண்டாவது வெடி கொஞ்சம் கனமா விழுந்துது. கன்னை விட்டுட்டுப் போக முடியலை. நீ ஓடி வந்து சொன்னதும் புரிஞ்சுது. நம்ம வீட்டுல இருக்கறவங்களுக்கு அது காதுலயே விழாது. அதுக்காகவே காத்துக்கிட்டு நின்னவனுக்கு மட்டும்தான் வெடிச்சுதுன்னு சத்தியமா தெரியும்."

சாமி கும்பிடவில்லை. எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்!

சின்னவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கேஸ் வாசனை அடித்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு, ஜீப்பில் ஏற்றப்பட்ட கான்ட்ராக்டரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா இது அநியாயம்! நீங்க சொன்னது முழுப் பொய். உங்க தம்பி உண்மையைச் சொல்லிட்டு அப்புறம் மாத்திட்டார். பீரங்கி வெடிச்சுதுன்னு கடைசி வரைக்கும் உண்மையைப் பேசினது இந்தத் தோட்டத்துலயே அவன் ஒருத்தன்தான்... அவனைத்தான் உள்ள தள்ளப் போறேன்!"

"தாராளமா தள்ளுங்க சார்," என்றாள் அக்கா. "போறப்ப கேட்டை மட்டும் சாத்திட்டுப் போங்க!"